பருத்திமார் வேலி

முதலில் என் பேரை எழுதிக்கோம்மா. மருதை. அப்பா பேர் சோலைமுத்து. புளியங்காட்டுக் கொட்டாய், வெள்ளாற்றுக்கு வடக்கே. வயசு அறுபத்தெட்டு என்று போடு. ஆதாரில் அறுபத்தைந்து இருக்கும், அது அவர்களாகப் போட்டது.

எதிராளி பேரா? நல்லுசாமி. அவனுக்கும் அப்பா பேர் சோலைமுத்துதான். ஏன் நிமிர்ந்து பார்க்கிறாய்? ஆமாம், கூடப் பிறந்தவன்தான். தம்பி. நீ எழுது.

என்ன வேண்டும் என்று கேட்கிறாய். நேராகவே சொல்கிறேன். நாளைக்குக் காலையில் என் வீட்டோரம் நிற்கிற வேலியைப் பிரிக்க வருகிறார்கள். பிரித்து மெஷினில் போட்டு அரைக்கப் போகிறார்கள். ஊரே சேர்ந்து வருகிறது. அதை நிறுத்த வேண்டும். இன்றைக்குக் குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் கையால் ஓர் உத்தரவு வாங்கிக்கொண்டு போனால் ஒருத்தனும் தொட மாட்டான். அந்த மெஷின் எங்கள் ஊருக்கு இனிமேல் நாளை ஒரு நாள்தான். நாளைக்கு விட்டால் விதைப்புக்கு முன்னால் திரும்ப வராது. ஒரே ஒரு நாள் தள்ளிவிட்டால் போதும். அவ்வளவுதான் என் மனு. டோக்கன் போட்டுவிட்டேன், நூற்றுப் பதினேழு. இப்போதுதான் நாற்பதோ என்னவோ கூப்பிடுகிறார்கள். நேரம் இருக்கிறது. நீ நிதானமாக, அழகாக எழுது.

எனக்கு எழுத்து வராது. இரண்டாம் வகுப்போடு மாடு மேய்க்க விட்டுவிட்டார்கள். கையெழுத்து மட்டும் போடுவேன். 'ம' நன்றாக வரும். அதற்கப்புறம் கொஞ்சம் தடுமாறும். அவன் பத்தாவது வரைக்கும் படித்தான். நான் ஏர் பிடித்த காசில்தான் படித்தான். அதை எழுத வேண்டாம். வேண்டுமானால் எழுது.

என்ன வேலி என்று கேட்கிறாயா? பருத்திமார் வேலி. நீ டவுன் பெண், பார்த்திருக்க மாட்டாய். பருத்தி எடுத்து முடிந்ததும் காட்டில் காய்ந்த செடி நிற்குமே, அதுதான் மார். பிடுங்கிக் கட்டுக் கட்டாகக் கட்டி, வரிசையாக நட்டுக் குறுக்கே மூங்கில் வைத்து இறுக்கினால் வேலி. விறகுக்கும் அதுதான் எங்களுக்கு. என் வேலி நாற்பது அடி நீளம், ஆள் உயரம். மூன்று வருஷத்து மார். வருஷா வருஷம் பழசின் மேல் புதுசைச் சேர்ப்பேன். கோழி நுழையாது. காற்று கூட யோசித்துத்தான் நுழையும்.

நல்லுசாமி வீடு என் வீட்டுக்குப் பின்னாடி இருக்கிறது. அவன் ரோட்டுக்கு வர வேண்டுமானால் என் வீட்டோரமாக இருக்கிற வண்டிப் பாதையில்தான் வர வேண்டும். அப்பா காலத்து வழி என்பான். பாதை என் பட்டாவில் போகிறது. வழி என்று பத்திரத்தில் ஓர் எழுத்து கிடையாது. அதில்தான் வேலி நிற்கிறது. இப்போது அவர்கள் ஏரிக்கரையைச் சுற்றிப் போகிறார்கள். அரை மைல் கூட இருக்காது. கால் இருக்கிறவர்கள் நடக்க வேண்டியதுதானே.

ஏன் வேலி போட்டேன் என்று கலெக்டர் கேட்பார். அதனால் முதல் வருஷத்துக் கதையை நன்றாக எழுது. முதல் வருஷம் நான் சொன்னதுதான் சரி. அதைக் கோடு போட்டு எழுது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆவணியில் விதைத்தால் தை, மாசியில் பருத்தி எடுத்து முடிப்போம். கடைசி எடுப்பு முடிந்த மறுநாளே ஆட்டுக்காரனைக் கூப்பிட்டுக் காட்டில் ஆட்டை விட்டுவிடுவோம். மிச்சம் மீதி இருக்கிற பிஞ்சு, பச்சைக் காய், வெடிக்காத காய் எல்லாவற்றையும் ஆடு தின்றுவிடும். ஆட்டுக்கும் தீனி, காட்டுக்கும் எரு. அப்புறம் செடியைப் பிடுங்கிக் காட்டை உழுது போட்டுவிடுவோம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. செய்வோம், அவ்வளவுதான்.

நல்லுசாமி அந்த வருஷம் புதுசாக போர் போட்டிருந்தான். தண்ணீர் வந்துவிட்டது. தண்ணீர் வந்தவனுக்குக் காது கேட்குமா? தை முடிந்தது, மாசி முடிந்தது, அவன் செடி பச்சைப் பசேல் என்று நிற்கிறது.

"நல்லு, செடியப் புடுங்கிடு. ஆட்ட உட்டுடு" என்றேன். டீக்கடையில் வைத்துத்தான் சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன்.

"தண்ணி இருக்குண்ணே. இன்னொரு காப்பு எடுத்துக்கிறேன்."

"சித்திர வரைக்கும் பச்ச நின்னா புழு ஒக்காந்துக்கும்டா. அடுத்த வருசம் எங்க எல்லாரையும் தின்னும்."

அதற்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? பத்துப் பேர் இருக்கிறார்கள். டீக்கிளாசை வைத்துவிட்டு, "எங்கண்ணனுக்குப் புழுவே கடுதாசி போட்டுச் சொல்லுதுய்யா. என்ன, படிச்சுக் காட்டத்தான் ஆள் வேணும்" என்றான்.

சிரித்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் கூடச் சிரித்தான். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அப்படித்தான் ஆகிவிடுகிறது. பத்துப் பேர் சிரிக்கும்போது வாய் தானாகப் போய்விடுகிறது. வீட்டுக்கு வந்துதான் எரிந்தது.

படித்துக் காட்ட ஆள் வேண்டுமாம். அவன் படித்த புத்தகத்துக்கு அட்டை போட்டது யார்?

சரி. அடுத்த வருஷம் புரட்டாசி. என் காட்டில் பூ பூத்தது. பூத்த பூ விரியவில்லை. இதழ் ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டு, நூல் போட்டுக் கட்டின மாதிரி அப்படியே நின்றது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு புழு. அரிசி மாதிரி, தலை மட்டும் கருப்பு. பெரிசானால் ரோஸ் நிறம் வந்துவிடும். காயில் விழுந்ததுதான் கொடுமை. பச்சைப் புழு என்று ஒன்று முன்னே வரும். அது காயில் ஓட்டை போட்டுப் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு தின்னும். கண்ணுக்குத் தெரியும், மருந்து அடிக்கலாம், கையால் பொறுக்கியும் கொல்லலாம். இது அப்படி இல்லை. முட்டையிலிருந்து வந்த ஒரு மணி நேரத்தில் உள்ளே போய்விடும். போன வழி மூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் காய் ராசா மாதிரி இருக்கும். ஒரு கீறல் இருக்காது. மருந்து எதன் மேல் படும்? காய் வெடிக்கிற அன்றைக்குத்தான் தெரியும், உள்ளே பஞ்சு இல்லை, மஞ்சள் அழுக்கு என்று.

நான் கை நிறையக் காயைப் பறித்துக்கொண்டு போய் அவன் வாசலில் கொட்டினேன். "இந்தாடா, உன் இன்னொரு காப்பு" என்றேன்.

அவன் மட்டும் அப்போது, "ஆமாண்ணே, தப்புப் பண்ணிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த வேலி இல்லை. இந்த மனு இல்லை. நான் இங்கே வந்து உன் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். அவன் என்ன சொன்னான்? "புழுவுக்கு வரப்பு தெரியுமாண்ணே? உங்காட்டுலருந்து எங்காட்டுக்கு வந்திருக்கக் கூடாதா?"

என் காட்டிலிருந்தாம். நான் ஆடு விட்டு, பிடுங்கி, உழுது போட்டவன்.

அந்த மாசியில் வேலி போட்டேன்.

எழுதிவிட்டாயா? படி பார்ப்போம். ... ம். நன்றாக இருக்கிறது. "மனம் புண்படும்படி" என்று போட்டாயே, அது நன்றாக இருக்கிறது. 'பொதுமக்கள் முன்னிலையில்' என்று சேர்த்துக்கொள்.

அடுத்த வருஷம் அவன் திருந்திவிட்டான். அதையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொய் வராது. தையோடு பிடுங்கினான். ஆடு விட்டான். ஆழமாக உழுதான். காட்டில் ஒரு குச்சி கிடையாது, துடைத்து விட்ட மாதிரி வைத்திருந்தான். நான்தான் ஆடு விடவில்லை. ஏன் என்றால் ஆட்டுக்காரன் சின்னான் இருக்கிறானே, அவன் நல்லுசாமி பெண்டாட்டி பவளக்கொடிக்கு மாமன் முறை. வேலி போட்ட நாளிலிருந்து என்னைப் பார்த்தால் காறித் துப்பிவிட்டுப் போவான். அவன் ஆடு என் காட்டில் மேயலாமா? போடா என்று விட்டுவிட்டேன். காய்ந்த காயோடு அப்படியே செடியைப் பிடுங்கி வேலியில் சேர்த்தேன். இன்னும் தடிப்பாக ஆயிற்று.

அந்த வருஷமும் புழு வந்தது. அவனுக்கும் வந்தது, எனக்கும் வந்தது. நல்லுசாமி ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வந்து என் வாசலில் நின்றான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றான். "அண்ணே, வேலி மார எடுத்துடுவோம்ணே. அதுல காஞ்ச காயி நெறைய இருக்கு. நானே ஆள் வெச்சு எடுக்கிறேன். வேணும்னா கம்பி வேலி போட்டுத் தர்றேன்" என்றான்.

எனக்குத் தெரியாதா? பாதை வேண்டும். புழு பேரைச் சொல்லிப் பாதை கேட்கிறான். படித்தவன் மூளை.

"பாதை வேணும்னா பாதைன்னு கேளு. புழுவ ஏன்டா இழுக்கிற?" என்றேன்.

"பாதையே வேணாம்ணே. மார மட்டும் எடு."

"உங்காட்டுலருந்து வந்ததுடா அது. உனக்குத்தான் வரப்பு தெரியாதே" என்றேன். சரியான பதில்தானே? செருப்பை மாட்டிக்கொண்டான். போய்விட்டான். கொளஞ்சி, என் வீட்டுக்காரி, உள்ளேயிருந்து, "நல்லாக் குடுத்தீங்க. அதை வெச்சு நாலு மூட்டை பருத்தி எடுங்க" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான். என் சோற்றைத் தின்றுகொண்டு அந்தப் பக்கம் பேசுவாள்.

இப்போது போன வருஷம். இதில் கொஞ்சத்தை எழுதாதே. எதை எழுதலாம் என்று நான் சொல்கிறேன்.

போன வருஷம் அவன் காடு முழுக்கப் பொறி வைத்தான். குச்சியில் ஒரு தட்டு, அதற்குக் கீழே பிளாஸ்டிக் பை, தட்டில் ரப்பர் துண்டு ஒன்று. மருந்துப் பாட்டில் மூடிக்குள் இருக்குமே, அந்த அளவுதான். அதில் பெண் அந்துப்பூச்சியின் வாசனை தடவியிருக்குமாம். நமக்கு ஒன்றும் தெரியாது. ஆண் பூச்சிக்கு ஊர் தாண்டித் தெரியுமாம். பெண்டாட்டி என்று நினைத்து வந்து பையில் விழுந்து சாகும். பாவம்தான். நான் யோசித்தேன். அவன் வாசனை வைத்தால் ஊர்ப் பூச்சியெல்லாம் எங்கே வரும்? அவன் காட்டுக்கு வரும். அவன் காட்டுக்கு வர என் காட்டைத் தாண்டித்தானே வர வேண்டும்? வருகிற வழியில் சும்மா வருமா? எனக்கு அப்படித்தான் பட்டது. நீயே சொல், தப்பா?

அதனால் ஒருநாள் சாயங்காலம் வரப்போரமாக இருந்த ஐந்து பொறியிலும் ரப்பரைப் பிடுங்கிவிட்டேன். இதை எழுதாதே. பிடுங்கி வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் எறிந்தால் பார்த்துவிடுவார்களே என்று. அப்புறம் மறந்துவிட்டேன். அதோடேயே படுத்துவிட்டேன்.

எங்களுக்கு மும்முனைக் கரண்ட் விடியற்காலையில்தான் வரும். மோட்டார் போட எழுந்து வெளியே வந்தேன். வேலியை ஒட்டி, அவன் காட்டைப் பார்த்து நிற்கிறேன். இடுப்பில் என்னமோ படபடவென்று அடித்தது. டார்ச்சை அடித்துப் பார்த்தால் பூச்சி. சாம்பல் நிறம், சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். வேட்டி மடிப்பில் பத்துப் பதினைந்து உட்கார்ந்திருக்கிறது. தட்டிவிட்டால் எழும்பித் திரும்ப அங்கேயே வந்து உட்காருகிறது. சட்டை மேலே, கையிலே. ஒன்று மீசை மேல் உட்கார்ந்தது. இந்த வயசில் என்னைப் பெண் என்று நினைத்து வருகிறது பார். சிரிக்காதே.

இன்னும் வந்துகொண்டே இருந்தது. எங்கேயிருந்து வருகிறது என்று டார்ச்சை அவன் காட்டுப் பக்கம் அடித்தேன். அங்கேயிருந்து ஒன்றும் வரவில்லை. அந்தப் பக்கம் சும்மா இருட்டாக, சுத்தமாக இருந்தது. எல்லாம் என் முதுகுப் பக்கமிருந்து வந்தது.

முதுகுப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்கிறாயா? அதை விடு. அதுதான் எழுதாதே என்றேனே.

காற்று அப்படி அடித்திருக்கும். பூச்சிக்குத் திசையா தெரியும்.

ரப்பரையெல்லாம் அடுப்பில் போட்டேன். மார் அடுப்புதான்.

அதுக்கு அப்புறம் கார்த்திகையில் நடந்ததை எழுது. எழுதித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் அவர்கள் எழுதுவார்கள். என் பக்கத்து நியாயம் முதலில் போய்விட வேண்டும்.

நல்லுசாமி நாலு தடவை மருந்தடித்தான். முதலில் ஒன்று, அது கேட்கவில்லை என்று இன்னொன்று, அப்புறம் இரண்டையும் கலந்து. உள்ளே இருக்கிற புழுவுக்கு வெளியே எத்தனை டேங்க் அடித்தால் என்ன? ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? கண் முன்னால் காய் காயாகப் போகிறதே. நானும் மூன்று தடவை அடித்தேன். அவன் அடித்தது உச்சி வெயில், எதிர்க்காற்று. வாய்க்கு ஒரு துண்டு கட்டிக்கொண்டு அடித்திருக்கிறான். வரப்பிலேயே விழுந்துவிட்டான். நுரை தள்ளிவிட்டது.

பவளக்கொடி போட்ட சத்தம் கேட்டது. நான் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் நூற்றெட்டு வண்டி வந்து என் வாசலில் நின்றது. அதற்கு மேலே போக முடியவில்லை. "பாதை எங்கய்யா, போன்ல பாதை இருக்குன்னு காட்டுது?" என்று டிரைவர் கத்தினான். ஹாரன் அடித்தான். எனக்கு முன்னால்தான் அடித்தான். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கக் கூடாது என்று இல்லையம்மா. எழுந்திருக்க வரவில்லை. கால் அங்கே இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன்.

வேலியைப் பிரிக்க எவ்வளவு நேரம்? இரண்டு ஆள், கால் மணி நேரம். யாரும் என்னைக் கேட்கவில்லை. அதை எழுது. ஒருத்தர் கூட வந்து, "மருதை, வேலியப் பிரி" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிரித்திருப்பேன். கேட்டிருந்தால் நிச்சயமாகப் பிரித்திருப்பேன். கேட்காமல் அவனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஏரிக்கரையைச் சுற்றிப் போனார்கள். நாலு பேர் தூக்கினார்கள். பவளக்கொடி கூட ஓடினாள். வண்டி ரோட்டு வழியாகச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்றது.

கொளஞ்சி மட்டும் ஓடிப் போய் வெறும் கையால் வேலியை இழுத்தாள். இரண்டு கட்டு உருவிவிட்டாள். கையெல்லாம் கீறி ரத்தம். அதற்குள் அவர்கள் கரை ஏறிவிட்டார்கள்.

மறுநாள் அந்த இரண்டு கட்டையும் நான் திரும்ப நட்டுவிட்டேன்.

ஏன் நட்டேன் என்று கேட்காதே. சந்து விட்டால் கோழி வரும்.

பிழைத்துக்கொண்டான். பதினோரு நாள் பெரியாஸ்பத்திரி. திரும்பி வந்து அவன் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். வலது கை ஆடுகிறது. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறான், அப்படியும் சட்டையில் சிந்துகிறது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், கொளஞ்சி உருவின இடம் முன்னே மாதிரி இறுகவில்லை. ஒரு கண் வைக்கிற அளவுக்குச் சந்து இருக்கிறது. வேண்டும் என்று பார்ப்பதில்லை. அந்தப் பக்கம் போனால் கண்ணில் படுகிறது.

தண்ணீர் கொஞ்சம் குடிக்கிறேன். இரு.

எழுபத்தைந்தா கூப்பிட்டார்கள்? சரி, சீக்கிரம் முடிக்கிறேன்.

இந்த வருஷம் வேளாண்மை ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தது. உன் வயசுதான் இருக்கும். அக்ரி மேடம் என்பார்கள். ஊர்க் கூட்டம் போட்டுச் சொன்னது. மார், குச்சி, பழைய காய், விதைக்கொட்டை, வீட்டு ஓரத்தில், பரணில் எது இருந்தாலும் விதைப்புக்கு முன்னால் எடுத்து அரைத்துவிட வேண்டும். ஒரு வீடு விட்டாலும் பிரயோசனம் இல்லை. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். எல்லாரும் சரி என்றுவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பது வீட்டு ஆம்பளை பொம்பளை எல்லாரும். பங்குனியிலிருந்து இன்றைக்கு நாளைக்கு என்று சொல்லிச் சொல்லி ஆனி வரைக்கும் இழுத்துவிட்டேன். அவர்களெல்லாம் தங்கள் வீட்டு மாரை அரைத்து எருக்குழியில் கொட்டிவிட்டார்கள். மிச்சம் என் வேலி ஒன்றுதான்.

அந்தப் பெண் என் வீட்டுக்கே வந்தது. வேலியிலிருந்து ஒரு காய்ந்த காயை ஒடித்தது. கல்லு மாதிரி இருந்தது. உடைத்துக் காட்டியது. உள்ளே இரண்டு விதை ஒட்டிக்கொண்டு ஒரே விதை மாதிரி இருந்தது. அதைப் பிரித்தால் நடுவில் ரோஸ் நிறத்தில் சுருண்டு கிடக்கிறது.

"ரெண்டு விதையையும் நூல் விட்டு ஒட்டிக்கிட்டு நடுவுல தூங்கும்யா. சோறு தண்ணி வேணாம். மாசக் கணக்கா அப்படியே கெடக்கும். மழ ஈரம் பட்டுச்சுன்னா முழிச்சுக் கூடு கட்டி, அந்துப்பூச்சியாயிப் பறக்கும். உங்க வேலி அதுக்கு மச்சு வீடு."

"அப்போ வாடக கேக்கிறேன்" என்றேன்.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டது. நான் விடவில்லை. "அது எப்படிம்மா, ஒரு உசுரு தின்னாம கொள்ளாம, வெளிய வராம அத்தன மாசம் கெடக்கும்? நம்பற மாதிரியா இருக்கு?" என்றேன்.

கொளஞ்சி முறத்தை வைத்துவிட்டு, "ஏன், நீங்க மூணு வருசமாக் கெடக்கலையா?" என்றாள்.

பார், வீட்டுக்கு வந்த ஆள் முன்னால். இதை எழுதாதே.

போகும்போது அந்தப் பெண் ஒன்று சொன்னது. "என்னை நம்ப வேணாம்யா. உங்க வேலியிலருந்து நீங்களே இருவது காய் ஒடிச்சு ஒரு பாட்டில்ல போடுங்க. வாயில கொசுவலத் துணி கட்டி, அப்பப்ப ரெண்டு சொட்டுத் தண்ணி தெளிங்க. பத்து நாள் கழிச்சு நீங்களே பாருங்க. ஒண்ணும் இல்லைன்னா வேலி நிக்கட்டும். ஊர்க்காரங்ககிட்ட நானே சொல்றேன்."

நியாயமான பேச்சு. சரி என்றேன். நானே ஒடித்தேன். நல்ல காயாகப் பார்த்துத்தான் ஒடித்தேன், ஓட்டை இல்லாமல், கீறல் இல்லாமல், ராசா மாதிரி. ஊறுகாய் பாட்டிலில் போட்டு அடுப்படி மாடத்தில் வைத்தேன். தண்ணீர் தெளித்தது கொளஞ்சி. அவள் தினமும் பார்ப்பாள். பார்த்துவிட்டு மாடத்திலேயே வைத்துவிடுவாள். நேற்றோடு பத்து நாள். ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தேன், தட்டுக்குப் பக்கத்தில் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள். "பாத்துட்டு அப்புறம் கலெக்டர் ஆபீசுக்குப் போங்க" என்றாள். நான் துண்டை எடுத்து மூடிவிட்டேன். மூடினபடியே சாப்பிட்டேன்.

இதோ, பைக்குள்தான் இருக்கிறது. துண்டோடு. சாட்சிக்குக் கொண்டுவந்தேன். கலெக்டர் கேட்டால் காட்ட வேண்டுமே.

இல்லை, நான் பார்க்கவில்லை. கண்ணெல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது. பஸ்ஸில் மடி மேல் வைத்துக்கொண்டுதான் வந்தேன். ஒன்றிரண்டு தடவை உள்ளே என்னமோ தட்டின மாதிரி இருந்தது. பஸ் ஆட்டமாக இருக்கும். எங்கள் ரோடு அப்படி.

நான் உனக்கு ஒன்று சொல்லட்டுமா? வேலி போய்விட்டால் பாதை போகிறது, அது போகட்டும். நடக்கிறவர்கள் நடக்கட்டும். வேலி போய்விட்டால் அவன் வாசல் எனக்கு நேராகத் தெரியும். சந்து வழியாகப் பார்ப்பது வேறு. காலையில் கதவைத் திறந்தால் அவன் அந்த டம்ளரை இரண்டு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனும் என்னைப் பார்ப்பான். பார்த்தால் நான் என்ன பண்ணுவது? எங்கே பார்ப்பது? அதற்கு அந்த அக்ரி பெண் மருந்து வைத்திருக்கிறதா?

சரி, முடித்துவிடு. கடைசி வரி சொல்கிறேன், எழுது. 'சாட்சிக்குப் பாட்டில் கொண்டுவந்துள்ளேன். பத்து நாள் ஆகியும் அதில் ஒன்றும் இல்லை. ஆகவே என் வேலியால் யாருக்கும் கேடு இல்லை. ஐயா அவர்கள் தயவுசெய்து வேலியைத் தொடக் கூடாது என்று உத்தரவிட வேண்டும்.' எழுதிவிட்டாயா?

என்ன, பார்க்காமல் எழுத மாட்டாயா? அட, நான் சொல்கிறேன் இல்லையா. மனு உன் பேரிலா போகிறது?

சரி, பார். நீயே பார். துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு மூடிவிடு. நான் அந்தப் பக்கம் கூட்டத்தைப் பார்க்கிறேன். எவ்வளவு சனம் வந்திருக்கிறது பார், ஒவ்வொருத்தனுக்கும் ஒரு எதிராளி.

பார்த்தாயா?

என்னம்மா?

பேனாவை ஏன் மூடி வைக்கிறாய்?

சொல்லாதே. எத்தனை என்று எண்ணாதே. சொல்லாதேம்மா. துணியை அவிழ்த்துவிடாதே, இங்கே பருத்திக் காடு ஒன்றும் இல்லை, ஆனாலும் அவிழ்க்காதே. துண்டைப் போட்டு மூடு. நன்றாகச் சுற்று.

... என் நம்பரையா கூப்பிடுகிறார்கள்? நூற்றுப் பதினேழுதானே? கூப்பிடட்டும். இரண்டாம் தடவையும் கூப்பிடுவார்கள். அப்புறம் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

உன்னிடம் போன் இருக்கிறது இல்லையா? என் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருக்கிறது பார், கொளஞ்சி நம்பர். நீயே பேசு. நாளைக்கு வருகிறவர்களைத் தடுக்க வேண்டாம் என்று சொல். மேற்குப் பக்கமிருந்து, அவன் வாசல் பக்கமிருந்து பிரித்துக்கொண்டு வந்தால் கட்டு சுலபமாக வரும், நடுவில் மூங்கில் இருக்கிறது, அதை உடைக்காமல் உருவச் சொல். நான் சொன்னேன் என்று சொல்லாதே. மெஷின் போனப்புறம் கூட்டி விடச் சொல், ஒரு காய் கிடக்கக் கூடாது. நான் எப்போது வருவேன் என்று கேட்பாள். நாளைக்குச் சாயங்கால பஸ்ஸில்தான் வருவேன் என்று சொல். ராத்திரிக்கு இங்கே பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொள்வேன்.

ஏம்மா, அந்தத் தாளை என்ன பண்ணுகிறாய்? கிழிக்காதே. மடித்து என்னிடம் கொடு. அதில் முதல் வருஷத்துக் கதை இருக்கிறது.

முதல் வருஷம் நான் சொன்னதுதான் சரி.